டிப்ஸைப் பொருள் வந்த பிறகு கேட்கச் சொல்லுங்கள்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் தலைமை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை மடிப்பாக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் அப்பாவுக்கு 79 வயது. தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். அம்மா இறந்த பிறகும் தன் வீட்டை விட்டு வர மாட்டேன் என்று தனியாக இருக்கிறார். நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். முழங்கால் வலியால் அவரால் இப்போது கடைக்கு நடக்க முடிவதில்லை. அதனால் போன வருடம் அவர் போனில் மளிகை வாங்கும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். அரை லிட்டர் பால், ஒரு பாக்கெட் ரொட்டி, கொஞ்சம் தக்காளி என்று அன்றன்றைக்குத் தேவையானதை அவரே வாங்கிக்கொள்கிறார். யாரையும் எதிர்பார்க்காமல் இருப்பதில் அவருக்கு ஒரு நிம்மதி.

அப்பா ஒவ்வொரு ரூபாயையும் டைரியில் எழுதுகிறவர். மணியார்டர் பணத்தைத் தோள்பையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவருக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. போன மாதக் கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "கணக்கு இடிக்குதும்மா, என்னன்னு பாரு" என்றார். அவர் எழுதி வைத்திருந்த தொகையைவிட வங்கிக் கணக்கிலிருந்து போன பணம் 540 ரூபாய் அதிகம். பில்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். மொத்தம் 27 ஆர்டர். ஒவ்வொன்றிலும் 20 ரூபாய் டிப்ஸ்.

அவர் தெரிந்து கொடுத்தது ஒரே ஒரு நாள்தான். மழை கொட்டிய ஒரு சாயங்காலம், பால் வாங்கும்போது, "பாவம், நனைஞ்சுகிட்டு வருவான்" என்று 20 ரூபாய் என்றிருந்த பொத்தானை அழுத்தியிருக்கிறார். அதற்குக் கீழே பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், ஒரு வரி இருக்கிறது. இனி வரும் ஆர்டர்களுக்கும் இதே தொகையை வைத்துக்கொள்ளவும் என்று பொருள். அதன் பக்கத்தில் இருந்த கட்டத்தில் டிக் ஏற்கெனவே விழுந்து கிடக்கிறது. அதை அவர் போடவில்லை. என் போனில் புதிதாக முயன்று பார்த்தேன், எனக்கும் அப்படியேதான் வந்தது.

அவருடைய டைரியை மறுபடி புரட்டியபோதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த மாதம் முழுக்க, பல நாட்களில், "டெலிவரி பையன் – 10" என்று எழுதியிருந்தார். ஆப்பில் 20 ரூபாய் போய்க்கொண்டிருப்பது தெரியாமல், வாசலில் வந்து நின்றவர்களுக்குக் கையிலும் கொடுத்திருக்கிறார். நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அந்த இருபது ரூபா பையன் கைக்குப் போச்சா?" என்று மட்டும் கேட்டார். பில்லை மேலும் கீழும் பார்த்தேன். டிப்ஸ் 20 ரூபாய் என்று இருக்கிறது. அது யாருக்கு, எப்போது போய்ச் சேர்ந்தது என்று எங்கேயும் இல்லை.

இந்தக் கடிதத்தை டிப்ஸுக்கு எதிராக எழுதவில்லை. அப்பாவின் தொழிலே அப்படிப்பட்டது. தீபாவளி, பொங்கலுக்கு ஜனங்கள் தபால்காரருக்கு இனாம் கொடுத்த காலம் அது. வேட்டி, அரிசி, முறுக்கு, இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று எது கிடைத்தாலும் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் யார் கொடுத்தது என்று சொல்லிவிட்டுத்தான் தருவார். அதில் அவருக்குப் பெருமை உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் கடைசிவரை கண்டிப்பாக இருந்தார். முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வந்துகொண்டிருந்த நாட்களில், பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது பாட்டிமார்கள் அதிலிருந்தே ஒரு நோட்டை எடுத்து நீட்டுவார்களாம். அவர் வாங்க மாட்டார். வாங்கியவர்கள் இருந்தார்கள். எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவர் குரல் இறங்கிவிடும். அந்தப் பாட்டிகள் பாசத்தில் நீட்டவில்லை, கொடுக்காவிட்டால் அடுத்த மாதம் பணம் தாமதமாக வருமோ என்ற பயத்தில் நீட்டினார்கள் என்பார்.

ஆப்பில் பணம் கட்டும் பக்கத்துக்கு வரும்போது எனக்கும் அதே பயம்தான் வருகிறது. பொருள் இன்னும் கடையை விட்டுக் கிளம்பவில்லை. யார் கொண்டு வரப்போகிறார் என்று தெரியாது. சீக்கிரம் வருவாரா, முட்டை உடையாமல் வருமா, மூன்றாவது மாடிக்கு ஏறி வருவாரா, கீழே நின்று கூப்பிடுவாரா, எதுவும் தெரியாது. அதற்குள், 10, 20, 30, 50 என்று நான்கு பொத்தான்கள் நன்றி சொல்லச் சொல்கின்றன. எதற்கு நன்றி? இன்னும் ஒன்றுமே நடக்கவில்லையே. கொடுக்காமல் நகர்ந்தால், அந்தத் தொகை கொண்டு வருபவருக்கு முன்பே தெரியுமா, தெரிந்தால் நம் ஆர்டரைத் தள்ளிவிடுவாரா என்ற யோசனை ஓடுகிறது. அப்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. நடக்காது என்று அந்தப் பக்கத்தில் யாரும் எழுதி வைக்கவும் இல்லை. மருந்தும் குழந்தைக்குப் பால் பவுடரும் அவசரமாக வாங்குகிறவர்கள் அந்த இடத்தில் என்ன செய்வார்கள்? கொடுத்துவிடுவார்கள்.

பில்லையும் கொஞ்சம் பாருங்கள். அப்பாவுடைய ஓர் ஆர்டரில் பொருள் 68 ரூபாய். டெலிவரி கட்டணம் 25. சிறிய ஆர்டர் என்பதற்காக 20. கையாளும் கட்டணம் 10. அப்புறம் டிப்ஸ் 20. ஆக மொத்தம் 143 ரூபாய். டெலிவரிக்கென்று 25 ரூபாய் தனியாக வாங்கியாகிவிட்டது. பிறகு அதே டெலிவரியைச் செய்கிறவருக்காக இன்னொரு முறை வாடிக்கையாளரிடம் கையேந்துவது ஏன்? அந்த 25 ரூபாய் யாருக்குப் போகிறது? நிறுவனம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

எங்கள் தெரு முனையில் இன்னும் ஓர் அண்ணாச்சி கடை இருக்கிறது. நூறு ரூபாய்க்குக் காய் வாங்கினால் பைக்குள் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் கொஞ்சம் கொத்தமல்லியும் விழும். கொசுறு. கடையில் வேலை பார்க்கும் பையன் மூட்டையை வீடு வரைக்கும் தூக்கி வந்தால் நாங்கள் டீ காசு கொடுப்போம். அவன் மூட்டையை இறக்கி வைத்து, நெற்றி வியர்வையைத் துடைக்கும்போது கொடுப்போம். அண்ணாச்சி ஒரு நாளும் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, "பையனுக்கு இருபது ரூபா சேர்த்துப் போடட்டுமா?" என்று பில்லோடு கேட்டதில்லை. கேட்டிருந்தால் எங்கள் தெருவே அவரைக் கேள்வி கேட்டிருக்கும். பையனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியது அண்ணாச்சி என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

இப்போது கேட்பது ஆப்களில் மட்டும் இல்லை. போன வாரம் ஒரு காபிக் கடையில் நானே வரிசையில் நின்று, நானே சொல்லி, நானே கோப்பையை எடுத்துக்கொண்டு வந்தேன். பணம் கட்டும் திரையில் டிப்ஸ் எவ்வளவு என்று கேட்டது. எனக்குப் பின்னால் ஆறு பேர். "வேண்டாம்" என்ற சொல் மூலையில் சாம்பல் நிறத்தில் இருந்தது. நான் கண்ணாடி போட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவுண்டரில் நின்ற பெண்ணுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். சிலிண்டர் விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏஜென்சியிலிருந்து வீடு வரை கொண்டு வரும் செலவு சிலிண்டர் விலைக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் வாசலில் முப்பது, ஐம்பது என்று கேட்பது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. லிஃப்ட் இல்லாத வீட்டில் மூன்று மாடி தூக்கி வருகிறவருக்கு நான் மனமாரக் கொடுக்கிறேன். அங்கே ஆளாவது எதிரில் நிற்கிறார், முகத்தைப் பார்த்துப் பேசலாம், முடியாது என்றும் சொல்லலாம். பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும் டிக்கிடம் என்ன பேசுவது?

இதையெல்லாம் உங்களிடம் சொல்லக் காரணம், இந்த விஷயத்தில் நீங்கள் ஏற்கெனவே பாதித் தூரம் வந்துவிட்டீர்கள். 2022 ஜூலை 4 அன்று ஹோட்டல்களுக்கு நீங்கள் வழிகாட்டுதல் வெளியிட்டீர்கள். சர்வீஸ் சார்ஜை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, கொடுப்பதும் கொடுக்காததும் வாடிக்கையாளர் விருப்பம் என்றீர்கள். ஹோட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று தில்லி உயர் நீதிமன்றம் உங்கள் வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அன்றைக்கு அந்தச் செய்தியை அப்பாதான் பேப்பரில் படித்து எனக்குச் சொன்னார்.

அதற்கு முன்பே, 2023 நவம்பர் 30 அன்று, ஆன்லைன் வியாபாரத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகை உத்திகளை, டார்க் பேட்டர்ன் என்ற பெயரில் நீங்கள் தடை செய்தீர்கள். அந்தப் பட்டியலை நான் முழுவதும் படித்தேன். வாங்குகிறவர் சம்மதம் இல்லாமல், பணம் கட்டும் நேரத்தில் வேறு பொருளையோ சேவையையோ நன்கொடையையோ கூடைக்குள் நுழைத்து மொத்தத் தொகையைக் கூட்டுவது அதில் ஒன்று. அப்பாவுக்கு நடந்தது இதுதானே? முதல் 20 ரூபாய்க்கு அவர் சம்மதித்தார். அடுத்த 26 முறைக்கு யார் சம்மதித்தது? இன்னொன்று, வேண்டாம் என்று சொல்கிறவரைக் கூச வைத்துப் பணிய வைப்பது. தர்மம் செய்ய விரும்பாதவர், "தர்மம் பணக்காரர்களுக்கு, எனக்குக் கவலையில்லை" என்கிற மாதிரி ஒரு வாசகத்தை அழுத்தி வெளியேற வேண்டியிருப்பதை நீங்களே உதாரணமாகக் கொடுத்திருக்கிறீர்கள். வெயிலிலும் மழையிலும் உங்களுக்காக ஓடி வருகிறவருக்கு நன்றி சொல்லுங்கள் என்று எழுதி, அதன் மேல் நனைந்த ஒருவரின் படத்தையும் போட்டு, பணம் கட்டும் பொத்தானுக்கு முன்னால் நிறுத்துவதும் அதே வகைதான் என்று நான் நினைக்கிறேன். மழையில் ஆளை அனுப்புவது நிறுவனம். மழைக் கட்டணம் வாங்குவதும் நிறுவனம். குற்ற உணர்ச்சி மட்டும் பால் வாங்கும் கிழவருக்கா?

டாக்சி விஷயத்தில் நீங்கள் இதைவிடத் தெளிவாக இருந்தீர்கள். 2025 மே மாதம், ஊபரில் வண்டி கிடைப்பதற்கு முன்பே டிப்ஸ் கேட்கும் முறையைப் பற்றி விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினீர்கள். சீக்கிரம் வண்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே டிப்ஸ் கொடு என்று தூண்டுவது நெறியற்றது, சுரண்டல் என்று நுகர்வோர் துறை அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஆண்டு டிசம்பரில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் டாக்சி ஆப்களுக்கான வழிகாட்டுதலைத் திருத்தியது. பயணம் முடிந்த பிறகுதான் டிப்ஸ் பகுதி திரையில் தெரிய வேண்டும், வண்டி பிடிக்கும்போது தெரியக் கூடாது, கொடுக்கும் தொகை பிடித்தம் இல்லாமல் முழுவதும் டிரைவருக்குப் போக வேண்டும் என்று அதில் இருக்கிறது. படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாங்கள் கேட்பதெல்லாம் அந்த இரண்டு வரியில் இருக்கிறது.

அந்த இரண்டு வரி டாக்சிக்கு மட்டும் ஏன்? ஆட்டோ பிடிப்பவருக்கு இருக்கிற பாதுகாப்பு, அரை லிட்டர் பால் வாங்குகிறவருக்கு ஏன் இல்லை? மளிகை, சாப்பாடு, மருந்து, காய்கறி என்று எதைக் கொண்டு வந்தாலும் அதே விதி பொருந்தும். டாக்சிக்காவது மாதத்தில் நான்கைந்து முறைதான் போகிறோம். மளிகை ஆப்பை ஒரே நாளில் இரண்டு முறை திறக்கும் வீடுகள் எங்கள் அடுக்குமாடியிலேயே இருக்கின்றன.

கொண்டு வருகிறவர்கள் பக்கமும் பேச வேண்டும். இந்தக் கடிதத்தைப் படிக்கும் யாரும், இவள் 20 ரூபாய்க்காக ஏழைப் பையன்கள் வயிற்றில் அடிக்கிறாள் என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வரும் தம்பி ஒருவர் விழுப்புரம் பக்கத்துக்காரர். பி.காம். படித்தவர். ஒரு நாள் தண்ணீர் கேட்டார். கொடுத்துவிட்டு டிப்ஸைப் பற்றிக் கேட்டேன். "வாரக் கணக்குல மொத்தமா சேர்ந்து வரும்க்கா. எந்த ஆர்டருக்கு எவ்வளவு வந்துச்சுன்னு பார்க்க எங்க நேரம் இருக்கு?" என்றார். அப்பா கேட்ட கேள்விக்கு அவரிடமும் முழுப் பதில் இல்லை. கொடுப்பவருக்கும் தெரியவில்லை, வாங்குபவருக்கும் தெரியவில்லை. நடுவில் இருக்கிறவருக்கு மட்டும்தான் கணக்குத் தெரிகிறது. கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "டிப்ஸ் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராதுக்கா. அதை நம்பி வண்டி ட்யூ கட்ட முடியாது. ஆர்டருக்கு அஞ்சு ரூபா ஏத்திக் குடுத்தாலே போதும்."

நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2020-21இல் இந்தியாவில் இப்படிப்பட்ட வேலைகளில் இருந்தவர்கள் 77 லட்சம் பேர். 2029-30இல் 2 கோடியே 35 லட்சம் ஆவார்கள் என்று அது கணித்தது. தமிழ்நாடு அரசு 2023இல் இவர்களுக்கென்று நலவாரியம் அமைத்தது. சென்னை மாநகராட்சி இவர்கள் உட்கார்ந்து இளைப்பாற ஏ.சி. அறைகள் கட்டியிருக்கிறது. வெயிலில் வண்டியோடு நின்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று கண்ணால் பார்த்தவள் நான். இவர்களையும் சேர்த்துக்கொள்ளும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அவர்களுடைய கூலி உங்கள் இலாகா இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் கூலியை உயர்த்தாமல் இருப்பதற்கு நிறுவனங்களுக்கு வசதியாக இருப்பது இந்த டிப்ஸ் பொத்தான்தான். குறைவை வாடிக்கையாளர் நிரப்புவார் என்ற நம்பிக்கையில் அது அங்கே இருக்கிறது. அந்தப் பொத்தான் எங்கே, எப்போது, எப்படி வர வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய சட்டம் எதுவும் இல்லை. பொருள் கைக்கு வந்து சேர்ந்த பிறகு மட்டும் டிப்ஸைக் கேட்கட்டும். எந்தத் தொகையும் முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கக் கூடாது. அடுத்த ஆர்டருக்கும் சேர்த்து வைத்துக்கொள்ளும் வேலையே வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒருவர் புதிதாக மனம் வைத்துக் கொடுத்தால்தான் அது டிப்ஸ். "வேண்டாம்" என்ற சொல் மற்றவை இருக்கும் அதே அளவில், அதே இடத்தில், தமிழிலும் இருக்கட்டும். கொடுத்த தொகை முழுவதும் கொண்டு வந்தவருக்குப் போனது என்று பில்லில் ஒரு வரி வரட்டும். அதே வரி அவருடைய போனிலும், அந்த ஆர்டர் எண்ணோடு வரட்டும். கடைகளில் வைத்திருக்கும் திரைகளுக்கும் இது பொருந்தட்டும்.

தனியாக நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். 20 ரூபாய்க்கு யார் வழக்குப் போடுவார்கள்? 540 ரூபாய்க்குக்கூட யாரும் போக மாட்டார்கள். ஆட்டோ செலவே அதற்கு மேல் ஆகும். அந்தத் தைரியத்தில்தான் 20 ரூபாய் 20 ரூபாயாக எடுக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் ஆணையத்தை உருவாக்கியதும் இதற்காகத்தான் என்று புரிந்துகொண்டிருக்கிறேன். ஒரே மாதிரி பாதிக்கப்படும் ஏராளமான பேருக்காக, யாரும் புகார் கொடுக்காவிட்டாலும், நீங்களே முன்வந்து விசாரிக்கலாம்.

அப்பா அந்த டிக்கை எடுத்துவிட்டார். எப்படி எடுப்பது என்று நான் இரண்டு முறை காட்ட வேண்டியிருந்தது. மூன்று பக்கம் உள்ளே போக வேண்டும். அந்த 540 ரூபாயைத் திருப்பிக் கேட்போமா என்றேன். "பசங்களுக்குப் போயிருந்தா இருக்கட்டும். போகலைன்னா மட்டும் கேளு" என்றார். அதனால் உங்களைக் கேட்கிறேன். அந்த 27 பில்களின் நகலை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் வழியாகப் பதிவு செய்யும் புகாரோடு சேர்த்து அனுப்புகிறேன். அவருடைய டைரியில் அந்த மாதப் பக்கங்கள் விசாரணைக்குத் தேவைப்பட்டால் அவற்றையும் தரலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
மடிப்பாக்கத்திலிருந்து ஒரு மகள்